கடைக் கொப்பியும் காதி மன்றமும்

காதியின் முன்னால் ஒருவருக்காக இன்னொருவர் வழக்காடுவதற்கு, 1951 ஆம் ஆண்டின் 13 ஆம் இலக்க முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம் சட்டத்தரணிகளுக்கு இடம் வைக்கவில்லை. கணவனும் மனைவியும் தங்கள் கதையைத் தாங்களே சொல்லிக்கொள்ள வேண்டும். செலவில்லாமல், தவணைக்கு மேல் தவணை போகாமல், குடும்பத்துப் பிரச்சினை குடும்பத்துக்குள்ளேயே தீர வேண்டும் என்ற நல்ல எண்ணம் அதற்குப் பின்னால் இருந்திருக்கலாம். ஆனால், அந்த ஏற்பாடு பேசத் தெரிந்தவருக்குத்தான் கைகொடுக்கும். பேசாதே, குரலை உயர்த்தாதே, ஆம்பிளைகள் இருக்கிற இடத்தில் நில்லாதே என்று சொல்லி வளர்த்த ஒரு பெண்பிள்ளையை ஒரு நாள் காலையில் திடீரென்று கூப்பிட்டு, "உன் வழக்கை நீயே சொல்" என்றால் அவள் என்ன செய்வாள்?

முப்பத்தொரு வருடம் தமிழ் படிப்பித்து ஓய்வு பெற்றவள் நான். கதைகளும் கொஞ்சம் எழுதியிருக்கிறேன். அந்த ஒரே தகுதியில்தான் 2016 ஆம் ஆண்டு என் ராத்தாவின் மகள் என்னிடம் வந்தாள். பஸஹ் கேட்டு விண்ணப்பிக்க வேண்டும், எழுதித் தாருங்கள் சாச்சி என்றாள். அடுத்து வந்த நான்கு மாதங்களில் நாங்கள் இருவரும் செய்த ஆயத்தத்தைப் பற்றித்தான் இங்கே எழுதப்போகிறேன். அது எங்கள் வீட்டு விவகாரம் மட்டும் என்றால் எழுதியிருக்க மாட்டேன்.

முதலில் அவளுடைய நிலைமையைச் சொல்கிறேன். கிழக்கிலே எங்கள் பக்கத்து வழக்கப்படி வீடு பெண்ணுக்குத்தான். ராத்தாவும் மச்சானும் பத்து வருடம் வயிற்றைக் கட்டிச் சேர்த்துக் கட்டிய வீட்டுக்கு, 2010 இல் மாப்பிள்ளை வந்து குடியேறினார். கைக்கூலியாக மூன்று லட்சம் ரூபா வேறு கொடுத்தோம். 2013 இல் கட்டார் போனார். பதினான்கு மாதம் காசு வந்தது. பிறகு குறைந்தது. பிறகு நின்றது. 2015 இல் விடுமுறையில் வந்தவர் மனைவி வீட்டுக்கு வரவில்லை. தன் தாய் வீட்டிலேயே தங்கிவிட்டுத் திரும்பிப் போனார். அதற்கு முன்பு வீட்டில் இருந்த காலத்திலும் நடந்தவை உண்டு. அவற்றைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன். பிள்ளைக்கு அப்போது நான்கு வயது.

நம் ஊர்களில் விவாகரத்து என்றால் எல்லாம் ஒன்று என்றே பலர் நினைக்கிறார்கள். சட்டத்தில் அப்படியில்லை. கணவன் தலாக் சொல்ல நினைத்தால் காதிக்கு அறிவித்தல் கொடுக்கிறார். சேர்த்துவைக்கும் முயற்சி நடக்கிறது. முப்பது நாள் கழித்தும் சேராவிட்டால் காதிக்கும் சாட்சிகளுக்கும் முன்னால் தலாக்கைச் சொல்லலாம். ஏன் என்று நிரூபிக்க வேண்டிய கடமை அவருக்கு இல்லை. மனைவி பஸஹ் கேட்டாலோ, கணவன் இன்ன கொடுமை செய்தார், அல்லது இன்ன கடமையைச் செய்யாமல் விட்டார் என்று அவள் காட்ட வேண்டும். காதியோடு மூன்று ஜூரிமார் உட்கார்ந்து கேட்பார்கள். சாட்சி இல்லாத சொல் அங்கே நிற்பது கஷ்டம். அந்தச் சட்டத்தின்படி காதியும் ஆண், ஜூரிமாரும் ஆண்கள். ஆகவே, எங்கள் பிள்ளை போய் நிற்கப்போவது நான்கு ஆண்களின் முன்னால். இதை அவளுக்குச் சொன்னபோது அவள் கேட்ட முதல் கேள்வி, "சாச்சி, நீங்களும் வருவீங்கதானே?" என்பதுதான்.

வேலையை ஆவணங்களிலிருந்து தொடங்கினோம். இருவரது அடையாள அட்டைப் பிரதிகள், பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ், கிராம உத்தியோகத்தரின் கடிதம், விவாகப் பதிவின் பிரதி. இந்த விவாகப் பதிவுப் பிரதியை அவள் அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தாள். ஆறு வருடமாக அது மச்சானின் இரும்புப் பெட்டிக்குள் இருந்தது. மஹர் 10,001 ரூபா என்று எழுதியிருந்தது. மாப்பிள்ளையின் ஒப்பம் இருந்தது. வலி என்ற முறையில் மச்சானின் ஒப்பம் இருந்தது. லெப்பையின் பெயர், பதிவாளரின் ஒப்பம், சாட்சிகளின் ஒப்பங்கள் எல்லாம் இருந்தன. அவள் கடதாசியை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள்.

"என்ட சைன் எங்க சாச்சி?"

இல்லை மகள் என்றேன். பதிவு செய்வதற்கு அவளது ஒப்பத்தைச் சட்டம் கேட்கவில்லை. மாப்பிள்ளையும் வலியும் வைத்தால் போதுமாக இருந்தது. அவள் வேறொன்றும் சொல்லவில்லை. ஆனால், விண்ணப்பத்தை எழுதி முடித்த நாளில், அடியில் தன் பெயரை எழுதுவதற்கு முன்பு அதே பெயரை வேறொரு தாளில் நாலைந்து தடவை எழுதிப் பார்த்தாள். தன் திருமணத்தைப் பற்றிய ஒரு தாளில் அவள் வைத்த முதல் ஒப்பம், அந்தத் திருமணத்தை முடித்துத் தரும்படி கேட்கும் தாளில்தான் விழுந்தது.

என்னிடம் வருமுன் அவள் ஊரில் பெட்டிசம் எழுதுகிற ஒருவரிடம் போய், ஆயிரம் ரூபா கொடுத்து நான்கு பக்கம் எழுதி வாங்கியிருந்தாள். வாசித்துப் பார்த்தேன். ஈவிரக்கமற்ற, மிருகத்தனமான, சொல்லொணாத் துயரம், கண்ணீரும் கம்பலையும். நம் சிறுகதைகளில் வருகிற தமிழ்தான். நம்மவர்கள் எழுதிய விவாகரத்துக் கதைகளை நினைத்துப் பாருங்கள். அநேகமாகக் கடைசிப் பக்கத்தில் அந்தப் பெண் அழுவாள். வாசிக்கிற நாமும் கண் கலங்குவோம். ஆனால், காதியாரின் மேசையில் அழுகையைப் பதிகிற நிரல் ஒன்றும் இல்லை. அந்த நான்கு பக்கங்களில் ஒரே ஒரு திகதிகூட இல்லை.

அதை ஒரு பக்கமாக வைத்துவிட்டு ஒற்றைறூள் கொப்பி ஒன்றை எடுத்தோம். ஒரு பக்கத்தில் திகதி, மறுபக்கத்தில் நடந்தது, மூன்றாவதாக, அதற்கு என்ன அத்தாட்சி. கடைசியாகக் காசு வந்த நாள் எது? அவளுக்கு ஞாபகமில்லை. "நோன்புப் பெருநாளைக்கு முந்தி" என்றாள். வங்கிப் புத்தகத்தைக் கொண்டுவரச் சொன்னேன். கடைசி வரவு 2014 ஜூலை. அந்த வருடப் பெருநாளும் ஜூலைக் கடைசியில்தான். ஆக, அவளுடைய ஞாபகம் சரியாகத்தான் இருந்தது. நம் பெண்கள் வாழ்க்கையைப் பெருநாளாலும், பிள்ளைக்குப் பல் முளைத்ததாலும், வெள்ளம் வந்ததாலும் கணக்கு வைத்திருக்கிறார்கள். அதை ஆங்கிலத் திகதிக்கு மாற்றுவதுதான் எங்கள் ஆயத்தத்தில் பாதி வேலை.

அதற்குப் பிறகு எப்படிச் சீவித்தாய் என்று கேட்டேன். கடையில் கடன் வாங்கினாளாம். அங்கேதான் எங்களுக்கு ஒரு வழி கிடைத்தது. எங்கள் முடுக்கில் இருக்கிற சில்லறைக் கடைக் காக்கா கடன் கொப்பி வைத்திருப்பவர். ஆளுக்கொரு கொப்பி. அவளுடைய கொப்பியில் அரிசி, பருப்பு, பிள்ளையின் பால்மா, தேங்காய், சவர்க்காரம் என்று திகதி வாரியாக இருபது மாதக் கணக்கு இருந்தது. நடுநடுவே "மச்சான் தந்தது 2,000", "உம்மா தந்தது 1,500" என்று அவர் கையெழுத்திலேயே இருந்தது. கணவன் தந்தது என்று ஒரு வரியும் இல்லை. எந்தப் பெட்டிசக்காரரும் எழுதித் தர முடியாத சாட்சி அது.

இன்னொன்று பிள்ளையின் சுகாதாரப் பதிவுப் புத்தகம். கிளினிக்கில் மாதாமாதம் நிறை பார்த்துக் கோடு போடுவார்களே, அது. 2014 நடுப்பகுதி வரை மேலே போன கோடு பிறகு தட்டையாகிக் கிடந்தது. இதைப் பார்த்ததும் அவள் அழுதாள். வங்கிப் புத்தகத்தைப் பார்த்தபோது அழாதவள், அந்தக் கோட்டைப் பார்த்து அழுதாள். அழுது முடியும் வரை இருந்துவிட்டு, அதையும் பிரதி எடுக்கச் சொன்னேன்.

சாட்சிக்கு ஆள் பிடிப்பது ஆவணத்தைவிடக் கஷ்டமாக இருந்தது. எல்லாவற்றையும் மதில் வழியாகக் கேட்டுக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுக்காரர்கள், "நமக்கென்னத்துக்கு அடுத்தவங்கட குடும்பப் பிரச்சின?" என்றார்கள். ஒருவர் வெளிப்படையாகவே சொன்னார்: "டீச்சர், எனக்கும் மூணு பொம்புளப் புள்ளைகள் இரிக்கி. காதிக் கோட்டுக்குப் போன வீடு எண்டு பேர் வந்தா நாளைக்கு யார் கேட்டு வருவாங்க?" அவரை நான் குறைசொல்ல மாட்டேன். அவருடைய பயமும் அதே சமூகம் கொடுத்த பயம்தான். கடைசியில் கடைக் காக்கா வருவதாகச் சொன்னார். அறுபத்தெட்டு வயது. கடையைப் பூட்டிவிட்டு வர வேண்டும். "நான் கண்டதச் சொல்லுவன். காணாதத ஒண்டும் சொல்ல மாட்டன்" என்று நிபந்தனை போட்டார். அப்படி ஒரு சாட்சியைத்தான் நாங்களும் தேடிக்கொண்டிருந்தோம். இரண்டாவது சாட்சி மாமி வீட்டுப் பக்கத்திலேயே ஒருவர். விடுமுறையில் வந்தவரைக் கூட்டிவந்து பேசிச் சேர்த்துவைக்க முயன்று தோற்றுப் போனவர். கணவன் பக்கத்தில் ஒருவர், மனைவி பக்கத்தில் ஒருவர் என்று இரு நடுவர்களை ஏற்படுத்தச் சொல்கிறதல்லவா சூறத்துன் நிஸா? அந்த வேலையை யாரும் சொல்லாமலே செய்து பார்த்த மனிதர் அவர்.

இனி, பின்னால் சொல்கிறேன் என்று வைத்த விஷயம்.

கொப்பியின் மூன்றாவது பக்கத்தில் ஒரு திகதியை எழுதிவிட்டு நிறுத்திவிட்டாள். 2012 நவம்பர். அதற்கு நேரே ஒன்றும் எழுதவில்லை. இரண்டு கிழமை அந்த இடம் வெறுமையாகக் கிடந்தது. ஒரு நாள் இஷாவுக்குப் பின், குசினியில் பாத்திரம் கழுவிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். சொன்னதை நான் இங்கே எழுதப்போவதில்லை; அது அவளுடையது. பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்த காலத்தில் நடந்தது என்றும், அதற்குப் பிறகு ஆறு நாள் அவள் ஆஸ்பத்திரியில் இருந்தாள் என்றும், மாமரத்தடியில் வழுக்கி விழுந்ததாகத்தான் எங்கள் எல்லோருக்கும் சொல்லப்பட்டது என்றும் மட்டும் சொல்கிறேன்.

"இத எப்புடி அந்த ஆம்பிளயளுக்கு முன்னால சொல்ற சாச்சி? என்ட வாயால வராது."

முப்பத்தொரு வருடம் தமிழ் படிப்பித்த என்னிடமும் அதற்கு ஏற்ற சொல் இருக்கவில்லை. நம் பேச்சு மொழியில் அதற்கு இருப்பவை இரண்டே வகைச் சொற்கள். ஒன்று, வாயில் எடுக்கக் கூசுகிற சொல். மற்றது, 'கஷ்டப்படுத்தினார்', 'பிரச்சினைப்பட்டார்' என்று ஒன்றுமே நடக்காதது போலாக்கிவிடுகிற சொல். முதலாவதைச் சொன்னால் இவள் வெட்கமில்லாதவள் என்பார்கள். இரண்டாவதைச் சொன்னால் இதற்கா பஸஹ் என்பார்கள். இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிற ஒரு வசனத்தை உண்டாக்க எங்களுக்கு மூன்று இரவுகள் பிடித்தன. இறுதியில் அமைந்தது பதினோரு சொற்கள். கூசுகிற சொல்லும் இல்லை, மூடி மறைக்கிற சொல்லும் இல்லை. அதற்குக் கீழே ஆஸ்பத்திரி அட்டையின் இலக்கத்தை எழுதினோம். வாய் வராவிட்டால் இந்தத் தாளைக் காதியாரிடம் நீட்டு, வாசித்துக்கொள்ளட்டும் என்றேன்.

ராத்தாவுக்கு இந்த ஆயத்தமெல்லாம் பிடிக்கவில்லை. "பொம்புளப் புள்ள சபையில வாய் காட்டுற பழக்கம் நம்மட குடும்பத்தில இல்ல" என்றாள். ராத்தாவோடு நான் சண்டைக்குப் போகவில்லை. கவ்லா பின்த் தஃலபா ரலியல்லாஹு அன்ஹா அவர்களைத்தான் ஞாபகப்படுத்தினேன். கணவர், தாயின் முதுகுக்கு ஒப்பிட்டுச் சொன்ன ஒரு சொல்லால் மனைவியுமல்ல, விடுவிக்கப்பட்டவளுமல்ல என்று நடுவில் விடப்பட்ட பெண். அவர் றஸூலுல்லாஹ்விடமே வந்து தன் விஷயத்தை விடாமல் வாதாடினார். அந்த வாதாட்டத்தை அல்லாஹ் கேட்டான் என்று சொல்லித்தான் ஐம்பத்தெட்டாவது அத்தியாயமே ஆரம்பிக்கிறது. அதன் பெயரே முஜாதலா. வாதாடிய ஒரு பெண்ணினால் பெயர் பெற்ற ஒரு சூறாவை ஓதுகிற நாம், நம் வீட்டுப் பெண் வாதாடினால் மட்டும் ஏன் வெட்கப்பட வேண்டும்? ராத்தா பதில் சொல்லவில்லை. ஆனால், அடுத்த நாள் முதல் நாங்கள் கொப்பியோடு உட்காருகிற நேரத்தில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு முன் விறாந்தைக்குப் போய்விடுவாள். அவளால் செய்ய முடிந்தது அது, பெரிய உதவிதான்.

கடைசிக் கிழமைகளில் பேசிப் பழகினோம். நான் காதியாராக இருந்து கேட்பேன், அவள் சொல்ல வேண்டும். ஏன் இவ்வளவு காலம் பொறுத்திருந்தீர்கள்? சபூர் செய்ய முடியாதா? அவர் வந்து மன்னிப்புக் கேட்டால் சேர்ந்து வாழ்வீர்களா? பிள்ளைக்குத் தகப்பன் வேண்டாமா? முதல் நாள் எல்லாவற்றுக்கும் தலையைக் குனிந்தாள். குனிந்த தலையைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்கிற ஊர் நம்முடையது. அதனால், 'ஓம்', 'இல்லை' என்ற இரண்டு சொற்களையும் உரத்துச் சொல்வதற்கே தனியாகப் பழக்கினேன்.

ஒரு கேள்விக்கு மட்டும் விசேஷமாக ஆயத்தம் செய்தோம். "குலாவாக எழுதினால் கெதியில் முடிக்கலாம், என்ன சொல்கிறீர்கள்?" குலா என்பது மனைவி தன் உரிமையில் எதையாவது விட்டுக்கொடுத்து, கணவனின் சம்மதத்தோடு பெறுகிற விடுதலை. தாபித் இப்னு கைஸ் ரலியல்லாஹு அன்ஹு அவர்களின் மனைவி, மஹராகப் பெற்ற தோட்டத்தைத் திருப்பிக் கொடுத்துப் பிரிந்தது அந்த வகைதான். கணவனிடம் குறையில்லாமல் மனம் ஒட்டாத பெண்ணுக்கு அது ஒரு நல்ல வாசல். ஆனால், இருபது மாதம் பால்மாவுக்குக் காசு தராதவரிடம் இவள் எதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும்? களைத்துப் போன பெண், முடிந்தால் போதும் என்று தலையாட்டிவிடுவாள். பிறகு மஹரும் கைக்கூலியும் வெறும் பேச்சாகிவிடும். ஆகவே, அந்தக் கேள்விக்கு ஒரே பதில்தான்: "நான் கேட்டிருக்கிறது பஸஹ்." பிள்ளைக்கான தாபரிப்பு வேறு விண்ணப்பம், கைக்கூலியைத் திருப்பிக் கேட்பது வேறு விண்ணப்பம் என்று மூன்றையும் தனித்தனியாக எழுதி, தனித்தனி உறையில் போட்டோம்.

முதல் தவணைக்கு மறுதரப்பில் யாரும் வரவில்லை. இரண்டாம் தவணைக்கும் வரவில்லை. ஒவ்வொரு தடவையும் கடைக் காக்கா கடையைப் பூட்டிக்கொண்டு வந்தார். மூன்றாம் தவணைக்கு, நாட்டுக்கு வந்திருந்த கணவர் தன் நானாவோடு வந்தார். நான் வெளியே வாங்கில் இருந்தேன். கதவு சாத்தவில்லை. காதியார் நல்ல மனிதர்தான். ஆனால், வழக்கத்தை விடாதவர். "மகளுக்கு என்ன பிரச்சினை?" என்று மச்சானைப் பார்த்துத்தான் முதலில் கேட்டார். மச்சான் தொண்டையைச் செருமினார். அதற்குள் அவளுடைய குரல் கேட்டது.

"நான் சொல்றன், காதியார்."

பதினைந்து நிமிடம் பேசினாள். வங்கிப் புத்தகம், கடைக் கொப்பி, பிள்ளையின் நிறைக் கோடு என்று வரிசை பிசகவில்லை. குலாக் கேள்வியும் வந்தது. நாங்கள் பழகிய பதிலைச் சொன்னாள். 2012 நவம்பர் வந்தபோது குரல் நின்றது. தாளை நீட்டுகிறாள் என்று நினைத்தேன். இல்லை. கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு அந்தப் பதினோரு சொற்களையும் தன் வாயாலேயே சொன்னாள். உள்ளே யாரோ நாற்காலியைப் பின்னுக்கு இழுத்த சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு சபூர் செய்யச் சொல்லி யாரும் கேட்கவில்லை.

தீர்ப்பு வர இன்னும் ஐந்து மாதம் சென்றது. பஸஹ் கிடைத்தது. தாபரிப்பு மாதம் 6,000 ரூபா என்று தீர்மானித்தார்கள். நான்கு மாதம் வந்தது, பிறகு நின்றது. காதியின் கட்டளைக்குப் பணியாதவரிடமிருந்து நீதவான் நீதிமன்றத்தின் மூலம் தண்டப்பணம்போல அறவிடலாம் என்று சட்டத்தில் வழி இருக்கிறது. அதற்கும் ஒரு கொப்பி போட்டோம். இப்போது அதை அவளே எழுதுகிறாள்.

1806 இல் ஒரு கோவையாகத் தொகுக்கப்பட்டு, 1929 இல் கட்டளைச் சட்டமாகி, 1951 இல் இன்றைய பெயரைப் பெற்றது நம் விவாகச் சட்டம். அதில் என்ன மாற்ற வேண்டும் என்று பார்க்க நீதியரசர் சலீம் மர்சூப் தலைமையில் 2009 இல் ஒரு குழு நியமித்தார்கள். அறிக்கை 2018 ஜனவரியில் கையளிக்கப்பட்டது. உறுப்பினர்கள் இரண்டாகப் பிரிந்து இரு நிலைப்பாடுகளை எழுதினார்கள். ஒன்பது வருடம். ஆலிம்களும் சட்ட அறிஞர்களும் பெண் அமைப்புகளும் அதைப் பற்றி நிறையப் பேசினார்கள். அந்தப் பேச்சு வேண்டியதுதான். மணமகளின் ஒப்பத்துக்கு ஒரு கோடு போடுவதற்கும், ஜூரிமாரின் வாங்கில் ஒரு பெண் உட்காருவதற்கும் மார்க்கத்தில் தடை எங்கே இருக்கிறது என்று நானும் கேட்கிறேன். ஆனால், சட்டத்தில் எந்த வரி மாறினாலும் மாறாவிட்டாலும், தவணைத் திகதி அந்தப் பெண்ணுக்கு வந்துவிடுகிறது. அவள் போய் நின்று, நடந்ததைச் சொல்லத்தான் வேண்டும். அதற்கு வேண்டிய சொற்களை அவளுக்குக் கொடுக்கிற வேலை, பேனா பிடிக்கிற நம்மைப் போன்றவர்களுக்கும் உண்டு என்பது என் எண்ணம்.

அவளுக்குப் பின் ஏழு பேர் என்னிடம் வந்துவிட்டார்கள். ஒருத்திக்குக் காதியின் தீர்ப்பு பாதகமாகி, காதிகள் சபைக்கு மேன்முறையீடு செய்து, இரவு பஸ்ஸில் கொழும்புக்குப் போய் வந்தாள். இருவர் ஆயத்தத்தின் நடுவிலேயே கணவரோடு சமாதானமாகிவிட்டார்கள். அல்ஹம்துலில்லாஹ், அதுவும் நல்லதுதான். வருகிறவர்களோடு இப்போது பெரும்பாலும் உட்காருவது நானல்ல, ராத்தாவின் மகள். அவள் முதலில் அவர்களின் கதையைக் கேட்பதில்லை. ஒரு கொப்பியைக் கொடுத்து மூன்று கோடு போடச் சொல்கிறாள். பிறகு, "எந்தக் கடையில சாமான் எடுக்கிற நீங்க?" என்று கேட்கிறாள்.